52,000 ரூபாய்க்கு ஒரு லேமினேட் அட்டை: வெளிநாட்டுக் கிளி வாங்குவோர் கவனத்துக்கு

வன அலுவலகத்திலிருந்து திரும்பிய சூட்டோடு எழுதுகிறேன்.

26 நாளுக்கு முன் ஆப்பிரிக்கச் சாம்பல் கிளிக்குஞ்சு ஒன்றை 52,000 ரூபாய் கொடுத்து வாங்கினேன். வீடியோ போட்டு ஆள் பிடிக்கும் பறவைக் கடை. பெயர் வேண்டாம்.

கேட்காமல் வாங்கவில்லை. "பேப்பர் எல்லாம் சரியா இருக்கா தம்பி?" என்றேன். "அண்ணா, நம்ம ஊர் பச்சைக்கிளி வெச்சிருந்தாத்தான் கேஸ். இது ஃபாரின் பேர்ட், ஒரு பிரச்சினையும் இல்ல." சொல்லிக்கொண்டே குஞ்சுக்கு ஸ்பூனில் கஞ்சி ஊட்டினான். அலகில் ஒட்டியதைத் தன் சட்டை நுனியால் துடைத்துவிட்டான். அங்கேதான் விழுந்தேன். இப்படிப் பார்த்துக்கொள்கிறவன் ஏமாற்றுவானா? காலில் இருந்த ரிங்கைக் காட்டினான், லேமினேட் செய்த டிஎன்ஏ கார்டைக் கையில் கொடுத்தான். நின்ற இடத்திலேயே 52,000 ரூபாயை அனுப்பினேன்.

பச்சைக்கிளி பற்றி அவன் சொன்னது உண்மைதான். நாம் லவ் பேர்ட்ஸ் என்று வளர்க்கிற பட்ஜிக்கும் காக்கட்டீல் கிளிக்கும் இந்தத் தொல்லை இல்லை, அதுவும் சரி. ஆனால் சாம்பல் கிளி 2017 முதல், அழிவை நோக்கிப் போகும் உயிரினங்களின் நாடு விட்டு நாடு வியாபாரத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் இருக்கிறது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 2022 திருத்தம் 2023 ஏப்ரலில் அமலானதும் அந்தப் பட்டியல் நம் சட்டத்துக்குள்ளும் வந்துவிட்டது. வளர்த்து விற்பவருக்கு உரிமம் வேண்டும். வாங்கியவர் 30 நாளுக்குள் மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிய வேண்டும்.

அலுவலரிடம் அந்த கார்டை நீட்டினேன். புரட்டிப் பார்த்துவிட்டு, "இதுல ஆணா பெண்ணான்னுதான் சார் இருக்கு. வித்தவரோட லைசென்ஸ் எங்க?" என்றார்.

கடைக்காரனிடம் கேட்காத நாள் இல்லை. "ஆடிட்டர்கிட்ட இருக்குண்ணா." "வெள்ளிக்கிழமை கூரியர் போட்டுடறேன்." எந்த வெள்ளிக்கிழமை என்று சொல்லவில்லை. அப்புறம் குரல் மாறியது: "எத்தனையோ பேர் வாங்கினாங்க, நீங்க ஒருத்தர்தான் பேப்பர் பேப்பர்ங்கிறீங்க." சரி, குஞ்சை எடுத்துக்கொண்டு 52,000 ரூபாயைத் திருப்பிக் கொடு என்றேன். "பழகின பேர்டை ரிட்டர்ன் எடுக்க மாட்டோம்." நேற்றிலிருந்து என் நம்பர் பிளாக்.

வாங்குமுன் பார்க்க வேண்டியவற்றை விரிவாக எழுத நினைத்தேன், இப்போது பொறுமை இல்லை. ரிங்கும் டிஎன்ஏ கார்டும் சட்டப்படியான பேப்பர் ஆகாது. உரிமத்தின் நகல் கைக்கு வராமல் அட்வான்ஸ்கூடக் கொடுக்காதீர்கள். பேசுவதை எழுத்தில் வாங்குங்கள், நான் எல்லாவற்றையும் போனிலேயே பேசித் தொலைத்தேன்.

30 நாளில் இன்னும் 4 நாள் இருக்கிறது. குஞ்சு கத்துகிறது, கஞ்சி கரைக்க வேண்டும்.