மெனோபாஸுக்கு ‘மூலிகை கிட்’ விற்கிறார்கள்: தைராய்டு மாத்திரை போடுபவர்கள் அவசியம் படிக்கவும்

மாதவிடாய் நிற்கும் வயதில் இருக்கும் பெண்களைக் குறிவைத்து ஃபேஸ்புக்கில் ஒரு விளம்பரம் சுற்றிக்கொண்டிருக்கிறது. இரண்டு டப்பா மாத்திரை, ஒரு டப்பா பவுடர், மூன்று மாத கோர்ஸ், விலை 4,800 ரூபாய். உடம்பில் திடீரென்று ஏறும் சூடு, ராத்திரி வியர்வை, எரிச்சல், தூக்கமின்மை எல்லாம் போய்விடுமாம். நூறு சதவீதம் மூலிகையாம், பக்கவிளைவே கிடையாதாம். நம் நம்பரைப் பதிந்தால் போதும், உடனே போன் வந்துவிடும். கம்பெனி பெயரை நான் போடவில்லை. நாளைக்கே வேறு பெயரில் வேறு டப்பாவில் வருவார்கள், அதனால் இவர்கள் விற்கும் விதத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்.

என்னிடம் பேசிய பெண் தன்னை டாக்டர் என்றார். என்ன படிப்பு, பதிவு எண் என்ன என்று கேட்டதற்கு, “நாங்க ஹார்மோன் ஸ்பெஷலிஸ்ட் டீம்மா” என்பதுதான் பதில். ஆனால் நான் சொன்னதையெல்லாம் அவ்வளவு பொறுமையாகக் கேட்டார். வீட்டில் யாரும் இந்தத் தொல்லையை அப்படி உட்கார்ந்து கேட்பதில்லை. இவர்களுக்கு வியாபாரம் நடப்பதே அதனால்தான். தைராய்டுக்குத் தினமும் காலையில் வெறும் வயிற்றில் மாத்திரை போடுகிறேன் என்று தெளிவாகவே சொன்னேன். “அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லம்மா, இது வெறும் மூலிகை. போகப்போக அந்த மாத்திரையையே நிறுத்திடலாம்” என்றார்.

நம்பி வாங்கிப் போட்டேன். ஆரம்பத்தில் கொஞ்சம் தேவலை போலத்தான் இருந்தது. அப்புறம் வியர்வை முன்பைவிட அதிகமாகக் கொட்ட ஆரம்பித்தது. நெஞ்சு படபடவென்று அடித்தது, டம்ளரைப் பிடித்தால் கை நடுங்கியது, தூக்கம் சுத்தமாகப் போனது. கூப்பிட்டுச் சொன்னால், “மருந்து வேலை செய்ய ஆரம்பிச்சிருக்கு, கழிவு வெளியேறுது. இனிமே ரெண்டு ரெண்டா போடுங்க” என்கிறார்கள்!

வழக்கமாகப் பார்க்கும் டாக்டரிடம் போனபோது, டப்பாக்களை எடுத்து வரச் சொல்லிவிட்டு ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக்கொடுத்தார். எப்போதும் ஒழுங்காக இருக்கும் டி.எஸ்.எச். அளவு 0.1-க்கும் கீழே இறங்கியிருந்தது. தைராய்டைச் சுரக்கத் தூண்டும் ஹார்மோன் இது; தைராய்டு ஹார்மோன் ஏறினால் இது இறங்கும். அதாவது உடம்பில் தைராய்டு ஹார்மோன் அளவுக்கு மேல் ஏறியிருக்கிறது. டப்பாவில் முதலில் போட்டிருந்த சரக்கே அஸ்வகந்தா, நம் ஊர் அமுக்கரா. அது தைராய்டு ஹார்மோனை ஏற்றக்கூடியது. ஏற்கெனவே அந்த ஹார்மோனை மாத்திரையாகப் போடுபவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது. அபூர்வமாகக் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்களும் உண்டு. “இதனாலதான்னு அடிச்சுச் சொல்ல முடியாது, நிறுத்திட்டுப் பார்ப்போம்” என்றார் டாக்டர். நிறுத்தினேன். அடுத்த பரிசோதனையில் அளவு பழைய நிலைக்கு வந்துவிட்டது.

இதில் பெரிய சிக்கல் என்னவென்றால், தைராய்டு ஏறினால் வரும் வியர்வை, சூடு, படபடப்பு, தூக்கமின்மை எல்லாம் பார்வைக்கு மெனோபாஸ் தொல்லை மாதிரியேதான் இருக்கும். கோளாறை உண்டாக்கிவிட்டு, அந்தக் கோளாறுக்கு இன்னும் இரண்டு மாத்திரை சேர்த்துப் போடச் சொல்லலாம். நமக்கு வித்தியாசமே தெரியாது.

டப்பாவை நிதானமாகப் பார்த்தபோது இன்னொன்றும் தெரிந்தது. ஆயுர்வேத, சித்த மருந்து என்றால் மருந்து உற்பத்தி உரிம எண் இருக்கும். இதில் இருந்தது உணவுப் பொருளுக்கான 14 இலக்க எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. எண். பக்கத்திலேயே பொடி எழுத்தில், ‘மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல’ என்று ஆங்கிலத்தில். சப்ளிமென்ட் டப்பாக்களில் அப்படிப் போட்டாக வேண்டும் என்பது 2016-ஆம் ஆண்டு விதி. ஆக, டப்பாவில் உணவு, போனில் மருந்து! மாதவிடாய்க் கோளாறைச் சரிசெய்யும் என்று மருந்துக்கு விளம்பரம் செய்வதற்கு 1954-லேயே மாயத் தீர்வு விளம்பரங்களுக்கு எதிரான சட்டத்தில் தடை போட்டுவிட்டார்கள். அதைப் பற்றி இவர்களுக்குத் துளிக் கவலை இல்லை.

வாங்கியவர்களுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குரூப் வைத்திருக்கிறார்கள். மாதவிடாய் நின்று இரண்டு வருடமான ஒருவர், மறுபடி ரத்தம் படுகிறது என்று அதில் எழுதியிருந்தார். “நல்ல அறிகுறி, கர்ப்பப்பை சுத்தமாகுது” என்று பதில் போட்டார்கள். எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. முழுதாக நின்று ஒரு வருடம் ஆனபின் ஒரு சொட்டு பட்டாலும் உடனே மகளிர் மருத்துவரிடம் காட்ட வேண்டும். பல சமயம் சாதாரணக் காரணமாகத்தான் இருக்கும். ஆனால் கர்ப்பப்பை உட்சுவரில் வரும் புற்றுநோயும் முதலில் இப்படித்தான் தலைகாட்டும். இதை நான் குரூப்பில் எழுதியதும் என்னைத் தூக்கிவிட்டார்கள். நல்லவேளை, அந்தம்மாவின் நம்பரை அதற்குள் எடுத்துவைத்திருந்தேன். பேசினேன், ஸ்கேனுக்குப் போவதாகச் சொன்னார்.

“அப்படியானால் அந்த குரூப்பில் குணமானதாகச் சொல்பவர்கள் எல்லாம் பொய்யா?” என்று கேட்கலாம். எல்லாரும் பொய் சொல்வதாக நான் நினைக்கவில்லை. இந்தச் சூடு நாளாவட்டத்தில் தானாகவும் குறையும். ஆராய்ச்சிகளில் மருந்தே இல்லாத போலி மாத்திரை போட்ட பெண்களுக்கும் கணிசமாகக் குறைந்திருக்கிறது. வெளிநாட்டில் மெனோபாஸுக்குப் பேர்போன மூலிகை பிளாக் கோஹாஷ். அமெரிக்காவில் 351 பெண்களை வைத்துச் சோதித்து 2006-இல் வெளியான ஆய்வில், போலி மாத்திரையைவிட அது ஒன்றும் கூடுதலாகச் சாதிக்கவில்லை. அதே வருடம் பிரிட்டனில் அதன் லேபிளில் கல்லீரல் எச்சரிக்கை போட வைத்தார்கள்.

சித்த மருத்துவமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது, அரசு மருத்துவமனைகளிலும் சித்தா பிரிவு உண்டு. அங்கே நாடி பிடித்துப் பார்க்க ஒரு டாக்டர் எதிரில் உட்கார்ந்திருப்பார். தினமும் போடும் மாத்திரைகளை மட்டும் அவரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். பிரித்த டப்பாவுக்கு ரீஃபண்ட் கிடையாது என்றார்கள், பிறகு என் நம்பரை பிளாக் செய்துவிட்டார்கள். 1915-க்குப் போன் செய்து நுகர்வோர் புகார் பதிந்ததும், அதே ‘டாக்டர்’ வேறு நம்பரிலிருந்து கூப்பிட்டார். புகாரை வாபஸ் வாங்கினால் பாதிப் பணம் தருவார்களாம். முடியாது என்றுவிட்டேன். பில், பார்சல் கவர், வாட்ஸ்அப் பேச்சு, ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் எல்லாம் புகாரோடு போயிருக்கிறது. உங்களிடமும் இந்த மாதிரி டப்பா இருந்தால் கோபத்தில் குப்பையில் போட்டுவிடாதீர்கள், பேட்ச் நம்பர் அதில்தான் இருக்கிறது.