எள் விழுது, 6 வெள்ளி 80 காசு: வாங்கலாம், ஆனால் முதலில் தலைகீழாக வையுங்கள்

எள் மீ, அதாவது எள் சாஸில் பிரட்டிய நூடுல்ஸ், என்று நான் முதலில் வாங்கியது ஒரு பெட்டி. ரெண்டு பேருக்கான மீ, சாஸ் பொட்டலம், மேலே தூவக் கொஞ்சம் எள், எல்லாம் உள்ளேயே இருந்தது, 5 வெள்ளி 90 காசு. வேலை முடிந்து வந்த அசதியில் மீயை வேகவைத்து, பொட்டலத்தைப் பிழிந்து, பிரட்டி மேசையில் வைத்தேன். பையன் ரெண்டு வாய் சாப்பிட்டுவிட்டு, "அம்மா, இது கடலைமிட்டாய் மீயா?" என்றான். அவனைத் திட்ட முடியவில்லை, அப்படித்தான் இருந்தது. பெட்டியைத் திருப்பிப் பார்த்தேன். இங்கே சிங்கப்பூரில் விற்கிற உணவுப் பொட்டலங்களில் சேர்மானங்களை எடை வரிசையில் போட வேண்டும், எது அதிகமோ அது முதலில். இதன் சாஸ் பட்டியலில் முதலில் தண்ணீர், அப்புறம் சர்க்கரை, அப்புறம் சோயா சாஸ், அப்புறம் நிலக்கடலை, ஐந்தாவதாகத்தான் எள் வந்தது. அட்டைப் படத்தில் மட்டும் எள் கொட்டிக் கிடக்கிறது.

அதற்கு அடுத்த வாரம், அரசு வீடுகளுக்குத் தருகிற சிடிசி பற்றுச்சீட்டில், பேரங்காடியில் செலவழிக்க வேண்டிய பங்கு 7 வெள்ளி மிச்சம் இருந்தது. பாக்கிச் சில்லறை தரமாட்டார்கள் என்பதால் 7 வெள்ளிக்குப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று அடுக்கடுக்காகத் தேடினேன், கண்ணில் பட்டது இந்த எள் விழுது போத்தல், 6 வெள்ளி 80 காசு. 20 காசு போனது போனதுதான். சேர்மானத்தில் ஒரே ஒரு சொல்தான் இருந்தது, எள். அதனால்தான் எடுத்தேன். பக்கத்திலேயே ஒரு வெள்ளி குறைவாக இன்னொன்று இருந்தது, அதில் பாதிக்கு மேல் நிலக்கடலை. சீன எள் விழுதில் கடலை கலந்தே விற்பதும் உண்டு, அது ஏமாற்று இல்லை, போத்தலிலேயே எழுதியிருப்பார்கள். ஆனால் பையனின் நண்பன் ஒருவனுக்குக் கடலை ஒவ்வாமை, அவன் அடிக்கடி எங்கள் வீட்டில் சாப்பிடுகிறவன், அதனால் எனக்கு அது ஆகாது. எள்ளே ஒத்துக்கொள்ளாதவர்களும் இருக்கிறார்கள், விருந்தாளிக்கு வைப்பதற்கு முன் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

சரி, போத்தலைத் திறந்த கதை. மேலே இரண்டு விரல் உயரத்துக்கு எண்ணெய் நிற்கிறது, கீழே விழுது களிமண் மாதிரி படிந்து கிடக்கிறது. கரண்டியை விட்டுக் கிளறினேன், எண்ணெய் வழிந்து கையில், மேசையில், புதுச் சட்டையில். கரண்டி அடியைத் தொடவே இல்லை, எவர்சில்வர் கரண்டியின் கழுத்து வளைந்ததுதான் மிச்சம். இது கெட்டுப்போன சரக்கு இல்லை, கலப்படம் இல்லாத எள் விழுது எல்லாமே இப்படித்தான் பிரியும், பிரியாமல் வழவழவென்று நிற்கிறது என்றால்தான் அதில் வேறு ஏதாவது சேர்த்திருக்கலாம். ஆனாலும் மூடியில் ஒரு வரி எழுதியிருக்கலாம். அடியில் இருந்த மூன்றில் ஒரு பங்கு கடைசி வரை இறுகியேதான் இருந்தது, எண்ணெயை எல்லாம் மேலே இருந்த பங்கோடு நான் முன்னமே செலவழித்துவிட்டேன். இதற்காகவே ஒரு மதிப்பெண் குறைக்கிறேன்.

முதல் தடவை செய்தபோது இன்னொரு கூத்து. கிண்ணத்தில் மூன்று கரண்டி விழுது, அதன் மேல் கிச்சாப் (தக்காளி இல்லை, சோயா சாஸ்), கொஞ்சம் தண்ணீர். கலக்கக் கலக்க இளகும் என்று பார்த்தால் இறுகுகிறது. பழுப்பு நிறத்தில் நெகிழ்ந்து இருந்த விழுது திரிந்து, கட்டி கட்டியாகப் பிரிந்து, சிமெண்டு குழைத்த மாதிரி கரண்டியில் ஒட்டிக்கொண்டு வருகிறது. கெட்டுவிட்டது என்று தொட்டியில் கொட்டப் போனேன். அந்த நேரம் பக்கத்து வீட்டுச் சீன ஆண்ட்டி, எங்கள் கதவு திறந்தே இருக்கும், கம்பிக் கதவு வழியாகப் பார்த்துவிட்டு, "கொட்டாதே கேர்ள், இன்னும் தண்ணீர் விடு, சுடுதண்ணீர்" என்றார். எனக்கு 43 வயது, அவருக்கு நான் கேர்ள்தான். ஒவ்வொரு கரண்டியாகச் சுடுதண்ணீர் விட்டுக் கலக்கினேன். இரண்டாவது கரண்டி வரை ஒன்றும் நடக்கவில்லை. மூன்றாவதில் கட்டிகள் கரைய ஆரம்பித்தன, நான்காவதில் சட்டென்று நிறம் மாறியது, பழுப்பு போய் பால் கலந்த கோப்பி நிறம், கரண்டியைத் தூக்கினால் நாடா மாதிரி மடிந்து மடிந்து விழுகிறது. எண்ணெய் நிறைந்த பொருளில் தண்ணீர் கொஞ்சமாகப் போனால் எள்ளின் துகள்கள் அதை உறிஞ்சி இறுகும், போதுமான அளவு போனால்தான் எண்ணெயும் தண்ணீரும் ஒன்றாகக் கலந்து கிரீம் மாதிரி ஆகும். திரிந்தது மாதிரித் தெரிவது பாதி வழி, அங்கே நிறுத்திவிடாதீர்கள். இதை ஏன் எந்தப் போத்தலிலும் எழுதுவதில்லை என்று எனக்குப் புரியவே இல்லை.

ஆண்ட்டிக்கு எப்படித் தெரியும் என்றால், அவருடைய மருமகள் சீனாவின் ஊஹான் நகரிலிருந்து வந்தவர். அங்கே காலைப் பசியாறலே எள் விழுது போட்ட மீதானாம், ரெ கான் மியென் என்று பெயர், சூடான உலர்ந்த மீ என்று பொருள். குழம்பு, சூப்பு எதுவும் கிடையாது. மீயை முக்கால் பதத்துக்கு வேகவைத்து, எண்ணெய் பிசறி, விசிறி ஆறவைத்துவிடுவார்கள். ஆள் வந்து கேட்டதும் கொதிக்கிற தண்ணீரில் ஒரு முக்கு முக்கி எடுத்து, விழுதை ஊற்றிக் கையில் கொடுத்துவிடுவார்கள். இந்தத் தந்திரம் எனக்கு எள் விழுதைவிடப் பெரிய வரவு. ஞாயிறு இரவு மீயை அரைவேக்காட்டில் எடுத்து, ஒரு கரண்டி எண்ணெய் பிசறி, டப்பாவில் போட்டுக் குளிர்பெட்டியில் வைத்துவிடுகிறேன், திங்களும் செவ்வாயும் காலையில் பையன் காலுறை தேடி முடிப்பதற்குள் பசியாற ஆகிவிடுகிறது.

நான் செய்கிற அளவைச் சொல்கிறேன், ரெண்டு பேருக்கு. காய்ந்த கோதுமை மீ 160 கிராம். எள் விழுது 3 மேசைக்கரண்டி, உப்புச் சுவையுள்ள வெளிர் கிச்சாப் ஒன்றரை, கறுப்பு வினிகர் ஒன்று, சர்க்கரை 2 தேக்கரண்டி, ஒரு பல் பூண்டு துருவியது, இஞ்சி சும்மா கொஞ்சம், சுடுதண்ணீர் 4 மேசைக்கரண்டி, தேவையானால் 5. மிளகாய் எண்ணெய் உங்கள் இஷ்டம். இவ்வளவுதான். மீ வேகிற 5 நிமிடத்தில் சாஸ் ஆகிவிடும், வெள்ளரிக்காயை நீளமாக அரிந்து மேலே போட இன்னொரு ரெண்டு நிமிடம். கறுப்பு வினிகர் என்றால் சீனாவின் ஜியாங்சு மாநிலத்து ஜென்ஜியாங் ஊர்ப் பெயரில் வருகிற சரக்கு, புலுட் என்கிற ஒட்டும் அரிசியில் செய்வது, புளிப்போடு லேசான இனிப்பும் இருக்கும். அது இல்லாத நாளில் சின்ன லீமாவ், அதாவது குட்டி எலுமிச்சை, இரண்டு பிழிந்தேன், நன்றாகவே இருந்தது, ஆனால் அது வேறு சாப்பாடு. சாதாரண வெள்ளை வினிகர் வேண்டாம், மூக்கைத் துளைக்கிறது.

ஆறவைத்துச் சாப்பிடுவதானால் வெந்த மீயைக் குழாய்த் தண்ணீரில் நன்றாக அலசுங்கள், மேலே இருக்கிற மாவு போகவில்லை என்றால் பத்து நிமிடத்தில் ஒரே உருண்டையாகிவிடும். நம் ஈரச்சந்தையில் கிடைக்கிற மஞ்சள் மீயிலும் செய்து பார்த்தேன், அதில் காரநீர் (மிளகாய்க் காரம் இல்லை, சோடா மாதிரியான காரம்) சேர்ப்பதால் ஒரு வாடை இருக்கும், வறுத்த மீயான மீ கோரெங்கில் தெரியாது, இதில் தெரிகிறது, கொதிநீரில் ஒரு நிமிடம் போட்டு எடுத்தால் பெருமளவு போகும். மீ சுவா என்கிற மெல்லிய கோதுமை மீ சரிவரவில்லை, கூழாகிவிட்டது. வீட்டில் ஸ்பகெட்டி மட்டும்தான் இருக்கிறது என்றால் வேகிற தண்ணீரில் ஒரு தேக்கரண்டி சமையல் சோடா போடுங்கள், அந்தக் காரத்தன்மையில் ஸ்பகெட்டி கொஞ்சம் மீ மாதிரி இழுபடும். தண்ணீர் பொங்கும், பக்கத்தில் நில்லுங்கள்.

என் வீட்டு நீதிபதி அத்தை. தட்டைப் பார்த்ததும், "எள்ளுத் துவையலைக் கரைச்சு மீயில ஊத்திருக்கே" என்றார். அப்படி ஒன்றும் தப்பான வர்ணனை இல்லை. அடுப்படியிலேயே சுற்றிச் சுற்றி வந்த தன் மகனை, அதாவது என் கணவரைப் பார்த்து, "எள்ளுதான் எண்ணெய்க்குக் காயுது, நீ எதுக்குடா காயுற?" என்று ஒரு போடு போட்டார், எலிப்புழுக்கை என்ற சொல்லை மட்டும் பேரன் முன்னால் விட்டுவிட்டார். சாப்பிட்டு முடித்த பிறகு அவர் கேட்ட கேள்விதான் சரியான கேள்வி: "நம்ம வீட்டிலேயே எள்ளு இருக்கு, நல்லெண்ணெய் இருக்கு, இதுக்கு ஏன் கடையில போத்தல் வாங்குறே?" எள்ளின் நெய்தானே எண்ணெய், சொல்லே நம்முடையது, நாம் போய் எள்ளை வெளியே வாங்குவதாவது.

அதனால் அதையும் செய்து பார்த்தேன். தேக்கா சந்தையில் வெள்ளை எள் வாங்கி, சிறு தீயில் வறுத்து, படபடவென்று பொரிய ஆரம்பித்ததும் இறக்கி, ஆறவைத்து, மிக்சியில் போட்டேன். முதலில் பொடி, அப்புறம் ஈரப் பொடி, அப்புறம் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு சுற்ற மறுக்கிறது, வழித்துவிட்டு மறுபடி, மிக்சி சூடாகிவிட்டது என்று நிறுத்தி மறுபடி. நாற்பது நிமிடம். வாசனை, சொல்லக் கூடாது, போத்தலை அடித்துவிட்டது. ஆனால் நாக்கில் நறநறக்கிறது, எவ்வளவு ஓட்டியும் அந்த வழவழப்பு வரவில்லை. வறுவல் ஒரு நிமிடம் கூடினாலும் கசக்கிறது என்பது இரண்டாவது தடவை தெரிந்தது. சனிக்கிழமை நேரம் இருந்தால் செய்யுங்கள், வேலை நாளில் வேண்டாம்.

நல்லெண்ணெய் விஷயம் வேறு. சீன எள்ளெண்ணெய் வறுத்த எள்ளில் எடுப்பது, கறுத்திருக்கும், கடைசியில் ஒரு சொட்டு விட்டாலே வாசனை தூக்கும். நம் நல்லெண்ணெய் வறுக்காத எள்ளைக் கருப்பட்டியோடு செக்கில் ஆட்டுவது. ஒன்றின் இடத்தில் இன்னொன்றை ஊற்றினால் என்ன ஆகும் என்று கேட்டால், மீ இட்லிப்பொடி வாசம் அடிக்கும். அன்றைக்கு அத்தை இரண்டாவது தட்டு கேட்டார். சீனர் யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள், ஆனால் இப்போது எங்கள் வீட்டில் அதுவும் ஒரு வகை, பையன் வைத்த பெயர் பொடி மீ.

முஸ்தபா கடையில் கிடைக்கிற தஹினி, அதாவது அரபு நாட்டு எள் விழுது, ஒரு போத்தலும் இருந்தது, அதிலும் ஒரு முறை. தோல் நீக்கிய எள்ளைப் பச்சையாகவோ லேசாக வறுத்தோ அரைப்பதால் வெளுத்து, கொஞ்சம் கசப்போடு இருக்கும். இளகுவதற்கு இதுதான் சுலபம், கரண்டி வளையாது. வறுத்த வாசனை மட்டும் இல்லை, அதைச் சரிக்கட்டச் சீன எள்ளெண்ணெய் ஒரு தேக்கரண்டி கூடுதலாக விட்டால் முக்கால்வாசி வந்துவிடுகிறது. வீட்டில் ஏற்கெனவே தஹினி இருந்தால் புதிதாக எதுவும் வாங்காதீர்கள்.

விலைக்கு வருகிறேன். என் போத்தலில் ஏழு தடவை செய்தேன், ஒவ்வொரு தடவையும் ரெண்டு பேருக்கு. ஒரு தட்டுக்கு விழுது மட்டும் 50 காசுக்குக் கொஞ்சம் குறைவு, மீ, கிச்சாப், வெள்ளரி எல்லாம் சேர்த்து ஒன்றரை வெள்ளியைத் தாண்டாது. அந்த 5 வெள்ளி 90 காசுப் பெட்டியில் ஒரு தட்டு ஏறக்குறைய 3 வெள்ளி. சுவைக்கு விழுதுக்கு 5-க்கு நாலரை தருவேன், போத்தல் கிளறும் வேதனைக்கு ஒன்று கழித்து மூன்றரை.

திறந்த பிறகு வெளியே வைக்காதீர்கள், இந்த ஊர் வெக்கையில் எண்ணெய் காறல் வாடை பிடித்துவிடும். குளிர்பெட்டியில் இன்னும் இறுகும், அது பரவாயில்லை, சுடுதண்ணீர் பார்த்துக்கொள்ளும். வாங்கி வந்ததும் மூடியை இறுக்கி, திறக்காமலே இரண்டு நாள் தலைகீழாக நிறுத்திவையுங்கள், எண்ணெய் விழுது வழியாக ஏறி அடிப்பக்கம் போகும், அப்புறம் நிமிர்த்தித் திறந்து சாப்பிடும் குச்சியால் அடிவரை குத்திக் கிளறினால் போதும், இதுவும் ஆண்ட்டி சொன்னதுதான். என் இரண்டாவது போத்தல் நேற்றிலிருந்து அரிசி டப்பாவுக்குப் பக்கத்தில் தலைகீழாக நிற்கிறது, கீழே பழைய செய்தித்தாள் விரித்திருக்கிறேன், மூடியை அவ்வளவாக நம்பவில்லை.