ஹட்டனில் கிளினிக்கல் ட்ரயல் பயிற்சி வகுப்பு: பணம் கட்டிச் சேரலாமா?

கிளினிக்கல் ட்ரயல், அதாவது மருந்தையும் சிகிச்சையையும் மனிதரிடம் சோதித்துப் பார்க்கும் ஆய்வுகளில் வேலை செய்ய ஆட்களைப் பழக்கும் வார இறுதி வகுப்பு ஒன்று ஹட்டனில் நடக்கிறது. நான் தோட்டத்துப் பிள்ளைமடுவத்தில் (குழந்தைகள் காப்பகத்தில்) வேலை செய்கிறேன். போன தொகுதியில் சேர்ந்து முடித்தேன். குறைகளும் சொல்ல இருப்பதால் நிலையத்தின் பெயரை விட்டுவிடுகிறேன்.

முதலில் வகுப்பில் இருந்தவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஓய்வுபெற்ற தோட்ட வைத்திய உதவியாளர் ஒருவர், நாவலப்பிட்டியில் பார்மசியில் நிற்கும் முஸ்லிம் தம்பி, கினிகத்தேனையிலிருந்து வந்த சிங்களத் தாதி, உயர்தரம் முடித்துவிட்டு வீட்டில் இருந்த தோட்டத்துப் பிள்ளைகள். இப்படிக் கலந்து எடுத்ததுதான் இந்த வகுப்பின் பெரிய பலம். எங்கள் பக்கம் ஒரு ஆய்வு வந்தால், தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குள் போய்ப் பேசத் தெரிந்த ஆள் அந்தக் குழுவில் கட்டாயம் இருக்க வேண்டும்.

ஆய்வில் சேருகிறவரிடம் சம்மதம் வாங்கும் பயிற்சிக்காகவே நான் இந்த வகுப்பைச் சிபாரிசு செய்வேன். ஒரு பிள்ளை எழுத்தறியாத கொழுந்து பறிக்கும் அம்மாவாக நடித்து உட்கார்ந்தாள். தாதி படிவத்தை விளக்க, இன்னொருவர் தமிழில் சொன்னார். வாசிக்கத் தெரியாதவரிடம் சம்மதம் வாங்கும்போது, ஆய்வோடு சம்பந்தமில்லாத நடுநிலையான சாட்சி ஒருவர் தொடக்கம் முதல் முடிவு வரை கூடவே இருந்து, கையெழுத்தும் தேதியும் போட வேண்டும். “நம்ம கங்காணியைக் கூப்பிட்டால் போச்சு” என்றார் வைத்திய உதவியாளர் ஐயா. பாடம் எடுத்த மிஸ் விடவில்லை. “நாளைக்கு அந்த அம்மாவுக்கு வேலைக்குப் பேர் போடுகிறவர் அவர்தானே, ஐயா? அவர் பக்கத்தில் நிற்கும்போது வேண்டாம் என்று சொல்ல அவங்களுக்கு வாய் வருமா?”

என் அம்மா அப்படித்தான், ஆபீசில் காட்டின இடத்திலெல்லாம் கைநாட்டு வைத்தவர். அதனால் அன்றைய பாடம் எனக்கு மிகவும் முக்கியம். சேர்ந்த பிறகும் எந்த நேரத்திலும் விலகலாம், விலகினால் வழக்கமான சிகிச்சை நிற்காது என்பதை அந்தப் பிள்ளை தன் வாயாலேயே திருப்பிச் சொல்லும்வரை மிஸ் படிவத்தை நீட்டவே விடவில்லை.

பிரஷர் பார்க்கும் வகுப்பும் நல்லது. ஏறி வந்த மூச்சோடு பார்க்கக் கூடாது; முதுகைச் சாய்த்து, காலைத் தரையில் வைத்து ஐந்து நிமிடம் உட்கார வைக்க வேண்டும். ஒருவர் 138 என்று எழுதியதன் மேலேயே 128 என்று அழுத்தி எழுதினார். உடனே திருத்தம்: பிழையின் மேல் ஒரே ஒரு கோடு, பக்கத்தில் சரியான எண், தேதி, சுருக்கொப்பம். பழைய எண் கண்ணுக்குத் தெரிய வேண்டும். பங்களாதேஷ், பாகிஸ்தான், இலங்கைக் கிராமங்களில் 2,645 பேரோடு நடந்து 2020இல் வெளியான பிரஷர் ஆய்வை உதாரணம் காட்டினார்கள். அதில் வீடு வீடாகப் போனவர்கள் சமூக சுகாதாரப் பணியாளர்கள். நம் பிள்ளைகளால் முடியாத வேலையா இது? 2006 முதல் இயங்கும் இலங்கை கிளினிக்கல் ட்ரயல் பதிவேட்டைப் போனிலேயே திறந்து தேடவும் பழக்கினார்கள்.

குறைகளுக்கு வருகிறேன். தந்த கையேடு, இப்படியான ஆய்வுகளை எப்படி நடத்த வேண்டும் என்று சொல்லும் சர்வதேச ஜீசிபி வழிகாட்டியின் 2016 திருத்தத்தை வைத்து எழுதியது. 2025 ஜனவரியில் புதிய திருத்தம் வந்துவிட்டது. அதைப் பற்றி ஒரு பக்கம்கூட இல்லை. கடுமையான பக்கவிளைவுகளை அறிவிக்கும் பாடத்தை ஒரே பின்னேரத்தில், முழுக்க ஆங்கில ஸ்லைட்டில் ஓட்டினார்கள். தமிழ் மூலம் படித்த பிள்ளைகள் அங்கேதான் பின்தங்கினார்கள். ஓர் உயிர் சம்பந்தப்பட்ட பாடத்தை இப்படி நடத்தக் கூடாது. வகுப்பு நேரத்துக்கு முடியாததால் பொகவந்தலாவைப் பக்கத்துப் பிள்ளைகள் பஸ்ஸுக்காகப் பாதியில் எழுந்து போனார்கள்.

பெரிய குறை வேறு. சேரும்போது சொன்ன களப் பயிற்சி கடைசிவரை கிடைக்கவில்லை. கேட்டால் “பார்ப்போம்” என்றார்கள்.

வெறும் சான்றிதழ்தான் வேண்டுமென்றால் குளோபல் ஹெல்த் நெட்வொர்க்கின் ஜீசிபி பாடத்தை இணையத்தில் இலவசமாகப் படித்து எடுக்கலாம். இங்கே கட்டும் காசு செய்முறைக்குத்தான். சேர விரும்பும் தங்கச்சிமாரும் தம்பிமாரும் முதல் தவணை கட்டுமுன், எந்த ஆஸ்பத்திரியில், எத்தனை நாள் களப் பயிற்சி என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.