இன்சுலின் பேனா: போட்டுப் பார்த்துப் பிடித்த அளவு

ஈரோட்டில் இருபத்தெட்டு ஆண்டுகளாக ரவிக்கை தைக்கிறேன். நாளெல்லாம் ஊசியோடு புழங்கும் நான், வயிற்றில் ஊசி என்றதும் இரண்டு ஆண்டுகள் மருத்துவருக்குப் போக்குக் காட்டினேன். மகள் இன்றும் சொல்லிச் சிரிக்கிறாள். சர்க்கரை நோய்க்கு மாத்திரைகளைக் கூட்டிப் பார்த்தும், மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சி 9.4, வெறும் வயிற்றில் சர்க்கரை 212. அதற்கு மேல் சாக்குச் சொல்ல முடியவில்லை. ஆவணியில் கிளார்ஜின் என்ற இன்சுலின் பேனா கைக்கு வந்தது. இப்போது கார்த்திகை.

முதலில் பேனா. தீர்ந்ததும் எறிந்துவிடும் வகை. உள்ளே 3 மி.லி., அதாவது 300 யூனிட். திருகினால் யூனிட்டுக்கு ஒரு சொடுக்குச் சத்தம். கூடிப்போனால் பின்னுக்குத் திருப்பிக்கொள்ளலாம். 4 மி.மீ. ஊசிமுனை என் தையல் இயந்திரத்து ஊசியைவிட மிக மெல்லியது. கொக்கி தைக்கும்போது விரலில் ஏறுவதுதான் வலி. இது வலியே இல்லை. குறை என்றால் எண் தெரியும் சன்னல். கண்ணாடி போடாமல் 16-ஆ 18-ஆ என்று தெரியவில்லை. சத்தத்தை மட்டும் எண்ணி நம்பக் கூடாது என்று நர்ஸ் கண்டித்துச் சொன்னார். ஊசிமுனைகள் பெட்டியில் கிடையாது, தனியாக வாங்க வேண்டும். உள்ளே மடித்து வைத்திருக்கும் தாளில் ஒரு வரி தமிழ் இல்லை.

எனக்குப் பிடித்தது அளவு வைக்கும் முறை. என் எடை 62 கிலோ. இரவு ஒன்பதரைக்கு 10 யூனிட் என்று தொடங்கினார் மருத்துவர். "இதுதான் அளவு என்று நினைத்துவிடாதீர்கள் அம்மா. மூன்று நாளும் காலைச் சர்க்கரை 130-க்கு மேல் இருந்தால் 2 யூனிட் கூட்டுங்கள். ஒருநாள் 70-க்குக் கீழே வந்தாலும் கூட்டாமல் எனக்குச் சொல்லுங்கள்" என்றார். எனக்குச் சட்டென்று விளங்கியது. முதல் முறை வருகிறவர்களுக்கு ரவிக்கையைக் கொஞ்சம் தளர்வாகத்தான் தைப்பேன். போட்டுப் பார்த்த பிறகு பக்கத்தில் பிடிப்பேன். எடுத்த எடுப்பில் இறுக்கித் தைத்தால் மூச்சு முட்டும். 10, 12, 14 என்று ஏறி, பதினாறாம் நாள் 20-க்கு வந்தேன். காலையில் 118. தையல் நோட்டின் கடைசிப் பக்கங்களில் எல்லாம் குறித்திருக்கிறேன். ஆனால் இது என் எடைக்கும் என் மருத்துவருக்கும் உரிய கணக்கு. உங்கள் கணக்கை உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள்.

தீபாவளி நெருக்கடியில் ஓரிரவு இரண்டே இட்லியோடு நிறுத்திவிட்டேன். சர்க்கரை மாத்திரையும் ஊசியும் வழக்கம்போல. விடிகாலை நாலு மணிக்கு இரவிக்கை நனைய வியர்வை, கை நடுக்கம். பார்த்தால் 64. மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்தேன். கால் மணி நேரத்தில் 97. மருத்துவர் ஊசியை 18-ஆக இறக்கி, கிளிமிபிரைடு மாத்திரையையும் பாதியாக்கினார். பிடித்ததைப் பிரித்து விடுவதும் தையல்தானே.

சாப்பாட்டுக்குப் பின் ஏறுவதை இந்த மருந்து பெரிதாகப் பிடிக்காது. ஒரு நாள் முழுக்க மெதுவாக வேலை செய்யும் அடிப்படை இன்சுலின் இது. மதியம் 240 காட்டியது என்று நானாக 2 யூனிட் கூட்டப் போனேன். தொலைபேசியிலேயே திட்டு விழுந்தது. அன்று சோற்றின் அளவைக் குறைத்ததுதான் பலன் தந்தது.

செய்முறையில் நான் தடுமாறிய இடங்கள் சில. ஒவ்வொரு முறையும் புது முனை மாட்டி, 2 யூனிட்டைக் காற்றில் விட்டுச் சொட்டு வருகிறதா என்று பார்க்க வேண்டும். அழுத்திய பின் பத்து எண்ணும்வரை ஊசியை எடுக்கக் கூடாது. முதல் வாரம் அவசரப்பட்டு எடுத்து, வயிற்றில் ஈரம் கண்டேன். குத்தும் இடத்தையும் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும், இல்லையென்றால் தோலுக்கடியில் கட்டி தட்டி மருந்து சரியாக ஏறாது. ஒரே துளையில் திரும்பத் திரும்பக் குத்தினால் துணியே நைந்துபோகிறது, தோலுக்குக் கேட்கவா வேண்டும்!

திறந்த பேனாவை 30 டிகிரிக்கு உட்பட்ட வெப்பத்தில் 28 நாள் வெளியில் வைக்கலாம். எனக்கு 18-உம் சோதிக்கும் 2-உம் சேர்த்து நாளுக்கு 20. பதினைந்து நாளில் தீர்ந்துவிடும். திறக்காதது குளிர்பெட்டிக் கதவில், உறையும் தட்டுக்கு அருகில் அல்ல. உறைந்தால் எறிய வேண்டியதுதான்.

பேனாவுக்கு ஐந்தில் நான்கு. விற்ற மருந்துக்கடைக்கு இரண்டு. வெயிலில் வெறும் பாலித்தீன் பையில் போட்டுக் கொடுத்தார்கள், பனிக்கட்டிப் பை கேட்டதற்கு முறைத்தார்கள். அடுத்த முறை மகளின் பழைய டிபன் பையில் நானே ஐஸ் கட்டி கொண்டுபோனேன், பேனா அதில் ஒட்டாதபடி இரண்டு மடிப்புக் காடாத்துணி சுற்றி.