ஹார்டா, தேய்வதா? எங்கள் போட்டின் அடியில் ஒன்பது வருடம்

ராமேஸ்வரத்தில் எங்கள் குடும்பத்துக்கு ஒரு விசைப்படகு இருக்கிறது. மரத்தில் கட்டி, மேலே ஃபைபர் உறை போட்டது. ஒவ்வொரு மீன்பிடித் தடைக்காலத்திலும் அடிப்பாகத்துக்கு என்ன ஆன்டிஃபவுலிங் பெயிண்ட் (கடல் உயிர்கள் ஒட்டாமல் தடுக்கும் பெயிண்ட்) அடித்தோம், அடுத்த முறை கரையேற்றியபோது என்ன நிலையில் இருந்தது என்று 2017 முதல் ஒரு நோட்டில் எழுதி வருகிறேன். முதல் நாலு வருடம் ஹார்டு பெயிண்ட். 2021 முதல் தேயும் பெயிண்ட். கடையில் அப்லேட்டிவ் என்று கேட்டால் கிடைக்கும், செல்ஃப் பாலிஷிங் என்பதும் அதே குடும்பம்தான்.

இரண்டிலும் கொட்டலசையும் (படகின் அடியில் ஓடு கட்டி ஒட்டிக்கொள்ளும் சின்னக் கடல் உயிர்) பாசியையும் விரட்டுவது பெரும்பாலும் செம்பு ஆக்சைடுதான். அது எப்படி வெளியே வருகிறது என்பதில்தான் வித்தியாசம். ஹார்டு பெயிண்டின் பிசின் தண்ணீரில் கரையாது. செம்பு மட்டும் கசிந்து போகும், கூடு அப்படியே நிற்கும், தேன் எடுத்த பிறகு நிற்கும் அடை மாதிரி. மேல்பக்கச் செம்பு தீர்ந்ததும் உள்ளே இருப்பது வெளியே வரச் சிரமப்படும். தேயும் பெயிண்ட் சோப்புக்கட்டி மாதிரி. தண்ணீர் உரச உரச மேல்தோல் போய், அடியில் இருக்கும் புதுப் பெயிண்ட் வெளிப்படும்.

முதலில் ஹார்டு வாங்கியதற்குக் காரணம் அந்தப் பெயர்தான். கெட்டியாக நிற்கும், நாள்பட உழைக்கும் என்று எல்லோரும் சொன்னார்கள். ஜூன் 14 நள்ளிரவோடு தடை முடிந்து கடலுக்குப் போனால் ஆவணி வரைக்கும் அடி சுத்தமாகத்தான் இருந்தது. கார்த்திகை, மார்கழியில் கதை மாறியது. எங்கள் ஊரில் விசைப்படகுகள் வாரத்தில் திங்கள், புதன், சனி மூன்று நாள்தான் தொழிலுக்குப் போகும். வாடைக்காற்று பலமாக வீசினால் மீன்வளத் துறையின் அனுமதி டோக்கன் கிடைக்காது, வேலைநிறுத்தம் வந்தால் வாரக்கணக்கில் நங்கூரத்தில்தான் கிடக்கும். பாக் நீரிணையின் ஆழமில்லாத வெதுவெதுப்பான தண்ணீரில் நின்ற இடத்தில் நிற்கும் படகைக் கொட்டலசுக் குஞ்சுகள் விடாது. ஒட்டிச் சுண்ணாம்பு ஓடு கட்டிவிட்டால், அப்புறம் எவ்வளவு வேகமாக ஓட்டினாலும் விழாது.

“தம்பி, புகை கறுப்பா அடிக்குது, ஓட்டம் வரல” என்று டிரைவர் அண்ணன் சொன்னால் அடியில் பிடித்துவிட்டது என்று அர்த்தம். கீழே மூழ்கிச் சுரண்டுவோம். இந்த இடத்தில் ஹார்டு பெயிண்டுக்கு நியாயம் சொல்ல வேண்டும்: பிரஷ் போட்டு அழுத்தித் தேய்த்தாலும் பெயிண்ட் தாங்கும், சுரண்டிய பிறகு கொஞ்ச நாள் நன்றாக ஓடும். மாதம் ஒருமுறை ஆள் இறக்கித் தேய்க்க முடிகிறவர்களுக்கு அது நல்ல பெயிண்ட்.

எங்களைத் தோற்கடித்தது அதன் கனம். போன வருடத்துக் கூட்டின் மேலேயே இந்த வருடமும் அடிக்கிறோம். 2020 ஊரடங்கு, தடைக்காலம் எல்லாம் சேர்ந்து படகு நீண்டநாள் கிடந்தது. நாலாவது வருடமும் முடிந்து 2021-ல் கரையேற்றினால், ஏராவை (படகின் அடியில் நீளவாட்டில் ஓடும் முதுகெலும்பு மரம்) ஒட்டி பெயிண்ட் தட்டுத்தட்டாக வெடித்திருந்தது. விரல் நகத்தை விட்டு நெம்பினேன், விரல்நுனி அளவு துண்டு உடைந்து வந்தது. அதன் ஓரத்தில் நாலு வருடமும் நாலு கோடாகத் தெரிந்தது. மொத்தத்தையும் எடுக்கப் பத்து நாள் கூலி ஆனது. இன்னொன்றும் உண்டு. ஹார்டு வகை வெயிலில் காய்ந்தால் மேல்பரப்பின் வீரியம் குறைந்துவிடும். அதைச் சீக்கிரம் அடித்து, இறக்கத் தேதி கிடைக்காமல் கரையில் வைத்திருப்பது பணத்தை வெயிலில் காயப்போடுவதுதான்.

2021-ல் தேயும் வகைக்கு மாறியபோது, சுரண்டிய அடிக்கு முதல் கோட்டு சிவப்பு, மேலே இரண்டு கோட்டு நீலம் என்று அடித்தோம். இதைச் செய்யாமல் யாரும் விடாதீர்கள். அடுத்த தடைக்காலத்தில் கரையேற்றியதும் எங்கே எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று படகே காட்டியது. அணியத்திலும் (முன்பக்கம்) நீர்மட்டக் கோட்டிலும் சுக்கானின் ஓரத்திலும் சிவப்பு எட்டிப் பார்த்தது. அமரத்துப் பக்கம் (பின்பக்கம்) நீலம் அப்படியே இருந்தது. அதிலிருந்து அந்த மூன்று இடத்துக்கும் ஒரு கோட்டு கூடுதல், மற்ற இடத்துக்கு ஒரே கோட்டு. பெயிண்ட் செலவு குறைந்தது, கனமும் ஏறவில்லை. மார்கழியில் அடியில் வழுவழுப்பும் கொஞ்சம் பாசியும் இருக்கும், ஒரு சனிக்கிழமை ஓட்டத்தில் பாதி போய்விடும். கொட்டலசு சுக்கான் மூலையிலும் நங்கூரக் கயிறு உரசும் இடத்திலும் மட்டும்தான் பிடிக்கிறது.

குறை இல்லாமல் இல்லை. தேய்த்துக் கழுவினால் தண்ணீர் நீலமாகக் கலங்கும், அதாவது பெயிண்டையே கழுவி விடுகிறோம். ஓடாமல் ரொம்ப நாள் கிடந்தால் இதுவும் சரியாகத் தேயாது. கடல் வற்றும்போது ஏரா மணலைத் தொடும் இடத்தில் ஒரே சீசனில் வெறுமையாகிவிடும். அதனால் இப்போது ஏராவிலும் அதன் இரு பக்கமும் ஒரு சாண் அகலத்துக்கு அடியில் ஹார்டு, மேலே தேயும் பெயிண்ட். பிடிப்பு நன்றாக இருக்கும் பழைய ஹார்டின் மேல் தேயும் வகையை அடிக்கலாம். மாற்றி அடிக்கக் கூடாது, அடியில் இருப்பது தேய்ந்து போனால் மேலே உள்ள ஹார்டு பட்டையாக உரிந்து விழும்.

டின்னைப் பற்றியும் சொல்ல வேண்டும். செம்பு ஆக்சைடு கனமான பொடி. டின்னைத் திறந்தால் மேலே எண்ணெய் மாதிரி மினுமினுப்பு, அடியில் செங்கல் சேறு மாதிரி கெட்டியாகப் படிந்திருக்கும். ஒரு வருடம் அவசரத்தில் மேலாகக் கலக்கி அடித்துவிட்டார்கள். காலி டின்னைக் கவிழ்த்தால் அடியில் நாலு விரல் உயரத்துக்குச் செம்பு ஒட்டியிருந்தது. அந்த டின்னில் அடித்த இடது பக்கத்தில் ஐப்பசிக்குள் கொட்டலசு கட்டிவிட்டது. இப்போது அடிவரை கட்டையை விட்டு நானே கலக்குகிறேன். தின்னரும் ஊற்ற விடுவதில்லை.

ஊரில் பெரியவர்கள், “அந்தக் காலத்துப் பெயிண்ட்ல பூச்சி கிட்டவே வராது” என்பார்கள். அவர்கள் சொல்வது டிபிடி எனும் தகரச் சேர்மம் கலந்தது. பிரான்சின் ஆர்க்காஷோன் குடாவில் ஆளிச் சிப்பிகளின் ஓடு கோணலாக வளரவும், கடல் நத்தைகளில் பெண்ணுக்கு ஆண் உறுப்பு முளைக்கவும் அதுதான் காரணம் என்று தெரிந்து, 2008-ல் உலக அளவில் தடை நடைமுறைக்கு வந்தது. மன்னார் வளைகுடாச் சங்கும் நத்தை இனம்தான். செம்பும் அவற்றுக்கு நல்லதல்ல. அதனால் காய்ந்த பெயிண்டைத் தேய்க்காமல் தண்ணீர் விட்டு ஈரத்தோடு தேய்க்கச் சொல்கிறேன், கீழே தார்ப்பாய் விரித்துச் சுரண்டலை மூட்டையில் கட்டி வைக்கிறேன். தேய்ப்பவருக்கு முகக்கவசமும் கையுறையும் நான் வாங்கித் தருகிறேன்.

தினமும் மணலில் இழுத்துவிடும் சின்ன ஃபைபர் வள்ளங்களுக்கு இரண்டுமே தேவையில்லை, வெயிலே பார்த்துக்கொள்ளும். நங்கூரத்தில் கிடந்து வாரம் மூன்று நாள் ஓடும் எங்களைப் போன்ற போட்டுக்குத் தேயும் வகைதான் என் தேர்வு. வாங்குகிறவர்கள் மறக்காமல் இரண்டு நிறத்தில் வாங்குங்கள், கணக்குப் பார்க்க அது ஒன்றே போதும்.