மேலே திருகுவதா, கீழே திருகுவதா, கேபிளையே மாற்றுவதா?

தங்கச்சிமடத்திலிருந்து ராமநாதபுரத்துக்குத் தினமும் பைக்கில் போய் வருகிற எனக்குக் கிளட்ச்சின் நிலவரத்தைச் சொல்லும் இடம் பாம்பன் பாலம். சாலைப் பாலம் 1988-ல் திறந்தது. பக்கத்தில் 2025-ல் வந்த புது ரயில் பாலத்தைப் பார்க்க வெளியூர் வண்டிகள் நடுப்பாலத்தில் ஓரங்கட்டிவிடுவார்கள். லீவு நாளென்றால் முதல் கியரில் ஊர்ந்து, கிளட்ச்சைப் பிடித்து, விட்டு, மறுபடி பிடித்துப் போக வேண்டும். மண்டபம் பக்கம் இறங்குவதற்குள் இடது மணிக்கட்டு விண்விண்ணென்று தெறிக்கும்.

லிவர் கனமானாலும், நியூட்ரல் விழாவிட்டாலும், வண்டி இழுக்காவிட்டாலும் நம் ஆட்கள் முதலில் சொல்வது ஒன்றுதான்: "கிளட்ச்சைக் கொஞ்சம் டைட் வை." இந்த மூன்றுக்கும் வைத்தியம் ஒன்றல்ல. வீட்டு வாசலில் உட்கார்ந்து நாமே செய்யக்கூடியவை மூன்று: லிவர் பக்கத்து அட்ஜஸ்டரைத் திருகுவது, எஞ்சின் பக்கத்து நட்டைத் திருகுவது, கேபிளைக் கழற்றி எண்ணெய் விடுவது அல்லது புதிதாக மாற்றுவது.

திருகுவதற்கு முன் அளவு தெரிய வேண்டும். லிவரை மெல்ல இழுத்தால் முதலில் கொஞ்ச தூரம் சும்மா வரும், அப்புறம்தான் கனம் தெரியும். அந்தச் சும்மா வரும் தூரத்தைப் பட்டறைகளில் 'ப்ளே' என்பார்கள். பெரும்பாலான 100, 125 சிசி வண்டிகளுக்கு லிவர் நுனியில் 10 முதல் 20 மில்லிமீட்டர். ஸ்கேல் இல்லையா, லிவர் முளைக்கும் இடத்தில் ஹோல்டருக்கும் அதற்கும் இடையே இரண்டு ஒரு ரூபாய் நாணயம் நுழைகிறதா பாருங்கள், ஏறக்குறைய சரியாக இருக்கும். உங்கள் வண்டியின் கையேடு வேறு அளவு சொன்னால் அதுதான் கணக்கு. எஞ்சின் ஆறியிருக்கும்போது பாருங்கள்.

மேல் அட்ஜஸ்டரின் சௌகரியம், கருவி வேண்டாம் என்பது. ரப்பர் மூடியை விலக்கி, லாக் வளையத்தைத் தளர்த்தி, விரலாலேயே திருகலாம். வெளியே வரும்படி திருகினால் ப்ளே குறையும், உள்ளே போகும்படி திருகினால் கூடும். அரை நிமிட வேலை. அதனால்தான் பட்டறையில் கூட்டமாக இருந்தால் இதை மட்டும் திருகிக் கையில் கொடுத்துவிடுகிறார்கள். எனக்கு அப்படி நடந்திருக்கிறது. ஓர் ஊர்ப் பட்டறையில் லிவரைக் கல்லு மாதிரி இறுக்கி, "இப்ப பாருங்கண்ணே, பிடிச்சதும் பிடிக்கும்" என்று கொடுத்தார்கள். ப்ளேயே இல்லை. ப்ளே இல்லாவிட்டால் நாம் லிவரைத் தொடாதபோதும், எஞ்சின் இழுவையைச் சக்கரத்துக்குக் கடத்தும் கிளட்ச் பிளேட் பாதி அழுத்தத்தில்தான் இருக்கும், வழுக்கி வழுக்கித் தேயும். எஞ்சின் கத்தியது, வண்டி நகரவில்லை, பெட்ரோல் குடித்தது. கடைசியில் பிளேட் செட்டும் கூலியும் சேர்ந்து ஆயிரத்தைத் தாண்டிவிட்டது.

இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. கேபிள் நீண்டால் ப்ளே கூடும். ஆனால் பிளேட் தேய்ந்தால் பெரும்பாலான வண்டிகளில் ப்ளே குறையும். "பழைய வண்டி, டைட் வைத்தால் சரியாகிவிடும்" என்று திருகுகிறவர் ஏற்கெனவே குறைந்துகொண்டிருப்பதை இன்னும் குறைக்கிறார்.

மேல் அட்ஜஸ்டருக்கு நம் ஊரில் இன்னொரு கெடுதலும் சேர்ந்துகொள்கிறது. அதை வெளியே திருகத் திருக மரையும் அதன் பிளவும் உப்புக்காற்றுக்குத் திறந்து கிடக்கும். என் வண்டியில் ரப்பர் மூடியை உரித்தபோது அலுமினிய மரையில் சுண்ணாம்பு பூசியது போல வெள்ளைப் பொடி. கேபிள் நுழையும் வாயில் செங்கல் நிறத் துரு. ஐந்தாறு மரைக்கு மேல் வெளியே நின்றால் ஒரு நாள் அங்கேயே முறியும். எனவே ஒன்றிரண்டு சுற்றுக்கு மேல் தேவைப்பட்டால் மேலே கை வைப்பதில்லை என்று வைத்திருக்கிறேன்.

எஞ்சின் பக்க நட்டுக்கு இரண்டு ஸ்பானர் வேண்டும், கொஞ்சம் பொறுமையும் வேண்டும். கேபிளைத் தாங்கும் தகட்டின் இரு பக்கமும் நட் இருக்கும். ஒன்றைத் தளர்த்தி மற்றதை இறுக்கினால் கேபிள் முன்னும் பின்னும் நகரும். முதலில் மேல் அட்ஜஸ்டரை முழுக்க உள்ளே விட்டு ஒரு சுற்று மட்டும் வெளியே எடுங்கள். பிறகு கீழே அளவைக் கொண்டுவாருங்கள். கடைசி ஒரு மில்லிமீட்டருக்கு மட்டும் மேலே. கடலோர வண்டியில் இந்த நட் சுலபத்தில் அசையாது. முதல் நாள் இரவே துரு இளக்கும் ஸ்ப்ரே அடித்து வையுங்கள், வட்ட வாய் நுழையும் இடத்தில் வட்ட வாய் ஸ்பானரே போடுங்கள், இல்லையென்றால் மூலை மழுங்கிவிடும். மேலேயா கீழேயா என்றால் என் ஓட்டு கீழுக்குத்தான்.

ஆனால் எங்கள் பக்கத்தில் 'கிளட்ச் டைட்' என்று வருகிற வண்டிகளில் பாதிக்கு இரண்டுமே தேவையில்லை. லிவரை இழுக்கும்போது கரகரவென்று உணர்ந்தால், விட்டதும் டக்கென்று திரும்பாமல் சோம்பலாக வந்தால், ப்ளே சரியாக இருந்தும் கனமாக இருந்தால், கோளாறு கேபிளுக்குள் இருக்கிறது. அதை எத்தனை முறை திருகினாலும் உள்ளே இருக்கும் உப்பும் துருவும் அப்படியேதான் இருக்கும். கடற்கரையில் மீன் ஏலம் முடியும் வரை நிற்கிற வண்டியென்றால் சொல்லவே வேண்டாம். (என் மச்சான் சிரிப்பான். அவன் மீன் பெட்டி ஏற்றும் டிவிஎஸ் எக்ஸ்எல்லில் கிளட்ச் லிவரே கிடையாது, அது வேகத்துக்குத் தானாகப் பிடிக்கிற சென்ட்ரிஃபியூகல் கிளட்ச்.)

எண்ணெய் விடுவது செலவில்லாத வேலை. கேபிளைக் கழற்றிச் செங்குத்தாகத் தொங்கவிட்டு, பால் பாக்கெட்டின் மூலையை வெட்டி மேல் நுனியில் நூலால் கட்டி, இரண்டு ஸ்பூன் எஞ்சின் ஆயில் ஊற்றி இரவு முழுக்க விட்டேன். காலையில் கீழே வைத்த டப்பாவில் கட்டன் சாயா நிறத்தில் சொட்டியிருந்தது. உள்ளே நைலான் குழாய் வைத்த கேபிள்களுக்கு எண்ணெய் அவ்வளவாகத் தேவைப்படாது, கிரீஸ் வேண்டவே வேண்டாம். நல்லெண்ணெய் விடுகிறவர்களும் உண்டு. கொஞ்ச நாளில் பிசுபிசுத்து மணலைப் பிடித்துக்கொள்ளும். ஸ்ப்ரே அடித்தால் உடனே லேசாகும், ஆனால் டபிள்யூடி-40 போன்றவை ஈரத்தை விரட்டத்தான், சீக்கிரம் காய்ந்துவிடும்.

நுனியில் ஓர் இழை அறுந்து முள்ளாக நீட்டிக்கொண்டிருந்தால் எண்ணெய் யோசனையே வேண்டாம், புதுசு போடுங்கள். சாதாரண வண்டிக்குக் கம்பெனி கேபிள் 200 ரூபாய்க்கு முன்னே பின்னே இருக்கும். பழையதைக் கழற்றும் முன் அது போகிற வழியை போனில் படம் பிடித்துக்கொள்ளுங்கள். மாட்டிய பிறகு எஞ்சினை ஓடவிட்டு ஹேண்டிலை இரு பக்கமும் முழுக்கத் திருப்பிப் பாருங்கள். ப்ளே மாறினால் கேபிள் எங்கோ மடங்கியிருக்கிறது. பிளேட்டுக்கு வந்த செலவைப் பார்த்த பின் நான் வருடத்துக்கு ஒரு கேபிள் என்று முடிவு செய்துவிட்டேன். அறுந்துபோகாத பழைய கேபிள் சீட்டுக்கு அடியில் கிடக்கிறது. தனுஷ்கோடி தாண்டி அரிச்சல்முனை ரோட்டில் அறுந்தால் பட்டறைக்கு எங்கே போவது?

இன்னொன்று, இதில் எதுவும் செய்யாமலே கிளட்ச் வழுக்க ஆரம்பித்திருந்தால், கடைசியாக என்ன ஆயில் ஊற்றினீர்கள் என்று யோசியுங்கள். பெரும்பாலான பைக்குகளில் கிளட்ச் பிளேட் எஞ்சின் ஆயிலிலேயே ஊறிக் கிடக்கிறது. காருக்கான சில ஆயில்களில் உராய்வைக் குறைக்கும் பொருள் இருக்கும். அது காருக்கு நல்லது, நம் பிளேட்டுக்கு ஆகாது. டப்பாவில் பைக் ஆயிலுக்கான தரக் குறியீடு ஜாசோ (JASO) எம்ஏ அல்லது எம்ஏ2 என்று போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

எல்லாம் முடிந்ததும் பாலத்துக்கே ஓட்டிப் போங்கள். ஏற்றத்தில் மூன்றாவது கியரில் ஆக்சிலேட்டரை நன்றாகத் திறந்து பாருங்கள். சத்தத்தோடு வேகமும் ஏறினால் வேலை சரி. சத்தம் மட்டும் ஏறி ஸ்பீடோமீட்டர் முள் அங்கேயே நின்றால், ப்ளே இருக்கிறது, ஆயிலும் சரி என்றால், பிளேட்டுக்குப் பணம் எடுத்து வையுங்கள்.