சுங்கை சிப்புட் கட்டுரை: பல கை சேர்ந்து தொகுத்ததில் தேறியதும் தேறாததும்

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டத்து டவுன் ஒன்றைப் பற்றித் தமிழ் விக்கிப்பீடியாவில் ஐந்தாறு பேர் சேர்ந்து எழுதினால், முதல் மாதம் எழுத்து ஓடும். அப்புறம் எழுத்து நின்று பேச்சுதான் ஓடும். இதைக் குறையாகச் சொல்லவில்லை. நீண்ட நாள் புழங்கிய பிறகு சொல்வதென்றால், 'தொகு' பொத்தானைவிட அதிகம் உதவுவது கட்டுரையைப் பற்றி விவாதிக்கும் பேச்சுப் பக்கமும், மாற்றங்களைக் காட்டும் கவனிப்புப் பட்டியலும்தான். இவ்விரண்டையும் திறக்காமல் கட்டுரையை மட்டும் தொகுப்பவர்கள் மூன்றாம் மாதம் சலித்துப் போகிறார்கள்.

எந்த சுங்கை சிப்புட் என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். மலாக்காவின் அலோர் காஜாவிலும் ஒரு சுங்கை சிப்புட் உண்டு. பேராக் மாநிலத்தில் உள்ளதற்கு 'உத்தாரா' (வடக்கு) என்ற ஒட்டு வந்ததே அதனால்தான். பேராக்கிலேயே டவுன் வேறு, பி062 என்ற நாடாளுமன்றத் தொகுதி வேறு. தொகுதிக்குள் லிந்தாங், ஜாலோங் என்று இரண்டு சட்டமன்றத் தொகுதிகள். நிர்வாகமோ கோலகங்சார் மாவட்டத்தின் கீழ். மக்கள்தொகை எண்ணில் வரும் சண்டையில் பாதி இங்கே பிறக்கிறது. ஒருவர் டவுன் எண்ணைப் போடுவார், இன்னொருவர் முக்கிம் (மாவட்டத்தின் உட்பிரிவு) எண்ணைப் போடுவார், மூன்றாமவர் தொகுதி எண்ணைப் போட்டு மற்ற இரண்டையும் 'பிழை' என்று அழிப்பார். மூன்றும் ஒரே 2020 கணக்கெடுப்பிலிருந்து வந்தவையாகவே இருக்கும்!

எண், ஆண்டு, எந்தப் பரப்பு ஆகிய மூன்றும் ஒரே வரியில் இல்லாத மக்கள்தொகையை ஏற்பதில்லை என்று பேச்சுப் பக்கத்தின் தலையில் எழுதி வைத்தால் போதும். தொகுதிக்குத் தனிக் கட்டுரை, மலாக்கா ஊருக்குத் தனிக் கட்டுரை, மேலே ஒரு பக்கவழி நெறிப்படுத்தல் (ஒரே பெயர்க் கட்டுரைகளைப் பிரித்துக் காட்டும் குறிப்பு). கட்டுரையின் வலப்பக்கத்துத் தகவல் பெட்டியான தகவற்சட்டத்தையும் மறக்க வேண்டாம். சில தகவற்சட்டங்கள் எண்ணை விக்கித்தரவு என்ற பொதுத் தரவுத்தளத்திலிருந்து இழுக்கும். கட்டுரையில் திருத்திய பிறகும் பழைய எண் வலப்பக்கத்தில் அப்படியே நிற்கிறது என்றால், திருத்த வேண்டிய இடம் விக்கித்தரவு.

தேதிகளில் அதிகம் வழுக்குவது 1948. எல்பில் தோட்டத்திலும் அருகிலிருந்த இன்னொரு தோட்டத்திலும் ஐரோப்பியத் துரைமார் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டது ஜூன் 16. மலாயா முழுமைக்கும் அவசரகாலம் என்று பொதுவாகக் குறிக்கப்படும் நாள் ஜூன் 18. இரண்டையும் ஒன்றாக்கி 'ஜூன் 16-இல் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது' என்ற வரி திரும்பத் திரும்ப முளைக்கும். இரு வாக்கியமாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனித்தனி மேற்கோள் வைத்தால் அடங்கும். ஒரே வாக்கியத்தில் இரண்டு தேதியை வைத்தால் அடுத்து வருபவர் ஒன்றை வெட்டிவிடுவார். அரசியல்வாதி துன் வீ. தி. சம்பந்தன் இதே ஊரில் பிறந்ததும் ஒரு ஜூன் 16, 1919-இல். அதனால் அந்தத் தேதியைத் தேடிப் போகிறவர்கள் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். அவர் 1955-இல் வென்றது கிந்தா உத்தாரா தொகுதியில். சுங்கை சிப்புட் உறுப்பினரானது 1959-இல்தான். 1974 முதல் 2008 வரை ச. சாமிவேலு, பிறகு 2018 வரை மைக்கல் ஜெயக்குமார் தேவராஜ். இவையெல்லாம் தொகுதிக் கட்டுரைக்கு உரியவை. டவுன் கட்டுரையில் ஒரு பத்தி போதும். எங்கள் ஊர்க்காரர்களுக்கு இதை ஏற்க வைப்பது லேசில்லை.

தோட்டப் பெயர்கள்தான் பெரிய காடு. ஒரே தோட்டத்துக்குக் கம்பெனிப் பெயர் ஒன்று, 'லாடாங்' என்று தொடங்கும் மலாய்ப் பெயர் ஒன்று, லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) புழங்கும் தமிழ்ப் பெயர் ஒன்று. பால்மரம் போய் செம்பனை வந்தபோது தோட்டம் கைமாறியிருக்கும், டிவிஷன்கள் பிரிந்திருக்கும், ஒரு பகுதி தாமான் (குடியிருப்புப் பகுதி) ஆகியிருக்கும். மூன்று பெயரையும் மூன்று தோட்டமாக எண்ணிப் பட்டியல் போட்டால் இல்லாத தோட்டங்கள் உருவாகிவிடும். பட்டியலாக்குமுன் பள்ளிப் பெயரையும் கோயில் பெயரையும் சரிபார்ப்பது நல்லது. தோட்டம் மறைந்து, பள்ளியே டவுனுக்கு இடம் மாறினாலும் பெயர்ப்பலகையில் தோட்டப் பெயர் தங்கியிருப்பது மலேசியாவில் சாதாரணம். கம்பெனிப் பெயரைக் கட்டுரையில் வைத்து, மற்ற இரண்டுக்கும் வழிமாற்று (அந்தப் பெயரில் தேடினாலும் இதே கட்டுரைக்குக் கொண்டுவருவது) போடுவது நடைமுறையில் தேறிய வழி. லயத்துப் பெயருக்கு அச்சில் சான்று கிடைக்காவிட்டால் அது பேச்சுப் பக்கத்தில் காத்திருக்கட்டும்.

எழுத்துக்கூட்டல் தகராறு தனி. ஈப்போவை 'இப்போ' என்றும், ஜாலோங்கைக் கிரந்தம் நீக்கிச் 'சாலோங்' என்றும் மாற்றுபவர்கள் கெட்ட எண்ணத்தில் செய்வதில்லை; பெரும்பாலும் வெளிநாட்டுத் தொகுப்பாளர்கள். அவர்கள் மாற்றத்தை மீட்டமைத்து (பழையபடி ஆக்கி) சண்டை போடுவதைவிட, மலேசிய நாளிதழ்களும் பள்ளிகளும் எழுதும் வடிவத்தை இரண்டு மூன்று சான்றோடு பேச்சுப் பக்கத்தில் காட்டி, கேட்டவரின் வடிவத்துக்கு வழிமாற்று கொடுத்தால் வேலை முடிந்தது. கண்ணுக்குத் தெரியாத பிழை ஒன்றும் உண்டு: 'கௌ' என்பதை 'கெ', 'ள' என்று இரண்டு எழுத்தாகத் தட்டுவது. திரையில் ஒரே மாதிரி இருக்கும், தேடினால் அகப்படாது.

விக்கிப்பீடியாவின் மொழிபெயர்ப்புக் கருவியைப் பற்றி நல்லதாகச் சொல்ல ஆசைதான். ஆங்கிலக் கட்டுரையின் அமைப்பு, இணைப்புகள், மேற்கோள்கள் எல்லாம் அப்படியே வந்துவிடுகின்றன. அந்த நேரம் மிச்சம். ஆனால் தோட்ட வாழ்க்கைச் சொல் என்று வந்தால் கருவி கையை விரித்துவிடும். எஸ்டேட் 'சொத்து' ஆகும், லயம் 'வரி வீடுகள்' ஆகும், பால் வெட்டுபவர் 'தட்டுபவர்' ஆவார், தொகுதி 'இருக்கை' ஆகும். தோட்டத் துரை 'தோட்டக்காரர்' ஆகிவிடுவதுதான் உச்சம்: 1948 பத்தியில் பூச்செடிக்குத் தண்ணீர் ஊற்றும் மூன்று பேர் சுடப்பட்டது போல ஒரு வாக்கியம் நிற்கும். கங்காணி, கிராணி, பிரட்டு, லயம் போன்ற சொற்களுக்கு ஒரு சிறு பட்டியலை மணல்தொட்டியில் (பயிற்சிப் பக்கத்தில்) வைத்துக்கொண்டு, வெளியிடுமுன் ஒவ்வொன்றாகத் தேடி மாற்ற வேண்டும். பத்திக்குப் பத்தி திருத்தாமல் ஒரேயடியாக வெளியிட்டுவிட்டு 'பிறகு பார்க்கலாம்' என்றால், அந்தப் பிறகு வருவதில்லை.

சான்றுக்குச் சிங்கப்பூர் தேசிய நூலகத்தின் நாளிதழ்க் காப்பகம் பெரிய வரம். இலவசம், பழைய இதழ்களில் பெரும்பாலானவற்றை வீட்டிலிருந்தே படிக்கலாம். தேடும்போது ஒரு நுணுக்கம்: அன்றைய ஆங்கில நாளிதழ்கள் 'சுங்கை' என்ற சொல்லை இன்றுபோல் 'ஏ, ஐ' (ai) என்று முடிக்காமல் 'ஈ, ஐ' (ei) என்று முடித்தன. இன்றைய எழுத்தில் தேடி 'ஒன்றுமில்லை' என்று விட்டவர்கள் பலர். தமிழ் முரசின் பழைய பக்கங்களும் அங்கே உள்ளன, ஆனால் தமிழில் சொல்தேடலை நம்ப முடியாது. தேதியைப் பிடித்துப் பக்கத்தைப் புரட்டுவதே வழி. உள்ளூரில் 1924 முதல் 2019 வரை வந்த தமிழ் நேசனுக்கு இணைய இணைப்பு கொடுப்பதைவிட இதழ்த் தேதியும் பக்க எண்ணும் கொடுப்பது பாதுகாப்பு. எந்த இணைய இணைப்பானாலும் மேற்கோளிடும் அன்றே வேபேக் மெஷின் என்ற இணையக் காப்பகத்தில் சேமித்து, சேமித்த முகவரியையும் சேர்த்துவிட வேண்டும்.

கும்பாபிஷேக மலரும் பள்ளி ஆண்டு மலரும் சான்றாகுமா என்று கேட்காதவர் இல்லை. அச்சானது, ஆண்டும் வெளியீட்டாளரும் உண்டு என்றால் மேற்கோளிடலாம். இணையத்தில் இருக்க வேண்டிய கட்டாயமில்லை. கட்டடம் திறந்த நாளுக்கு மலர் போதும். 'மாநிலத்திலேயே பழமையான கோயில்' என்பதற்கு அந்தக் கோயிலின் மலரே சான்றாகாது.

இனி நுட்பம். கட்டுரை நீளத்தைப் பைட்டில் ஒப்பிட வேண்டாம். தமிழ் எழுத்தும் உயிர்க்குறியும் புள்ளியும் தலைக்கு 3 பைட்டு. 'சுங்கை சிப்புட்' என்ற பெயர் ஆங்கிலத்தில் 12 பைட்டு, தமிழில் 43. 'ஆங்கிலத்தைவிட நம் கட்டுரை பெரிசு' என்று மகிழ்வதற்கு முன் இதைக் கணக்கில் எடுக்கவும். என்ன மாற்றினோம் என்று சொல்லும் தொகுப்புச் சுருக்கம் எழுதுவதில் இந்தத் தொல்லை 2018-இல் தீர்ந்தது. முன்பு 255 பைட்டு, அதாவது தமிழில் 85 குறிதான் கிடைக்கும், இப்போது 500 குறி. இடம் இருந்தும் சுருக்கத்தைக் காலியாக விடுபவர்களால்தான் பாதி மீட்டமைப்பு நடக்கிறது. 'மக்கள்தொகை: முக்கிம் எண் நீக்கம், பேச்சுப் பக்கம் காண்க' என்று ஒரு வரி போதும்.

தொகுத்தல் முரண்பாடு, அதாவது இருவர் ஒரே நேரத்தில் தொகுத்து மோதிக்கொள்வது, ஒருவர் முழுப் பக்கத்தையும் திறந்து வைத்துக்கொண்டு டீ குடிக்கப் போவதால் வருகிறது. பிரிவு பிரிவாகத் திறந்து, சிறிது சிறிதாகச் சேமித்தால் அநேகமாக வராது. பட்டறை நடத்துபவர்களுக்கு: ஒரே இணைய இணைப்பிலிருந்து (ஐ.பி. முகவரி) ஒரு நாளில் 6 புதுக் கணக்குதான் திறக்க முடியும். பள்ளிக் கணினி அறையில் 20 பேரை உட்கார வைத்து ஏழாவது ஆளிடம் மாட்டிக்கொள்ளாமல், கணக்கை முந்தின நாளே அவரவர் வீட்டில் திறக்கச் சொல்லவும்.

படங்களில் சிக்கல் குறைவு. கட்டடம், பொது இடத்தில் நிலையாக உள்ள சிலை இவற்றைப் படமெடுத்து விக்கிமீடியாவின் படக் களஞ்சியமான பொதுவகத்தில் ஏற்ற மலேசியப் பதிப்புரிமைச் சட்டம் இடம் கொடுக்கிறது. படத்தை எடுத்தவரே ஏற்ற வேண்டும், அல்லது அவருடைய உரிம அனுமதி வேண்டும். வாட்ஸ்அப்பில் வந்த லயத்துப் படம் எவ்வளவு அருமையானாலும் நீக்கப்படும்.

கடைசியாக 'குறிப்பிடத்தக்கவர்கள்' பட்டியல். எவ்வளவு வெட்டினாலும் தழைக்கும். தனிக் கட்டுரை உள்ளவர், அல்லது தொடர்பில்லாத இரண்டு சான்று உள்ளவர் என்று வரம்பு வைத்துக்கொண்டால் ஓரளவு கட்டுக்குள் நிற்கும். வரம்புக்கு வெளியே உள்ள பெயரை அழிக்காமல் 'சான்று கிடைத்தால் சேர்க்கலாம்' என்ற குறிப்போடு பேச்சுப் பக்கத்துக்கு நகர்த்துவது மேல். அழித்தால் சேர்த்தவர் கோபித்துக்கொண்டு போய்விடுவார். நகர்த்தினால் சிலர் சான்றோடு திரும்பி வருகிறார்கள். உயிரோடு இருப்பவரைப் பற்றிய சான்றில்லாத குற்றச்சாட்டு மட்டும் விலக்கு: அதைப் பேச்சுப் பக்கத்திலும் வைக்கக் கூடாது, பார்த்தவுடன் நீக்க வேண்டும்.